28 பவுண்டு இரும்பும் 54 வயது இடுப்பும்

என் நோட்டில் எதிரெதிரே இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. இடது பக்கம் கராஜ் கணக்கு: டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்குவது, அக்டோபரில் 160 கிலோ, ஏப்ரலில் 190 கிலோ. வலது பக்கம் மைதானக் கணக்கு: 28 பவுண்டு எடை எறிதல், செப்டம்பரில் 38 அடி 4 அங்குலம், மே மாதத்தில் 35 அடி 9 அங்குலம். குளிர்காலம் முழுக்க முக்கி முனகி முப்பது கிலோ கூட்டினேன். அதற்குக் கிடைத்த கூலி, இரண்டரை அடி நஷ்டம்.

இது இரண்டு வருடத்துக்கு முந்திய கணக்கு. ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் ஏன் இறங்கியது என்று கண்டுபிடிக்க ஒரு கெண்டைக்கால் கிழிசலும் இன்னொரு குளிர்காலமும் தேவைப்பட்டன. நாற்பது தாண்டி ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் கேம்ஸ் எறிதல்களுக்கு வர நினைக்கும் யாருக்காவது ஒரு குளிர்காலம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இருப்பது ஸ்காட்லாந்தின் அபர்டீனில். வேலை, வட கடல் எண்ணெய் மேடைகளில் குழாய்ப் பராமரிப்பு: இரண்டு வாரம் கடலில், மூன்று வாரம் கரையில். பள்ளியில் குண்டு எறிந்ததோடு சரி. அப்புறம் முப்பது வருடம் நான் எறிந்தது குப்பை மட்டும்தான்.

இங்கே மே முதல் செப்டம்பர் வரை வார இறுதிகளில் ஏதாவது ஓர் ஊரில் ஹைலேண்ட் கேம்ஸ் நடந்துகொண்டே இருக்கும். பேக்பைப் இசை, நடனம், ஓட்டம், இவற்றோடு 'ஹெவீஸ்' என்று இவர்கள் சொல்லும் கனமான போட்டிகள். கல் எறிதல், நீளக் கைப்பிடி வைத்த சம்மட்டி எறிதல், சங்கிலியில் கட்டிய எடையை ஒரு கையால் தூரத்துக்கு எறிவது, அதையே தலைக்கு மேலே கம்பியைத் தாண்டி வீசுவது, கடைசியில் எல்லோரும் படம் எடுக்கும் அந்த மரம், தூக்கித் தலைகீழாகப் புரட்டி எறியும் கேபர். ஆண்களுக்கு எடை 28 பவுண்டும் 56 பவுண்டும். மூத்தோர் பிரிவில் பல இடங்களில் 56-க்குப் பதில் 42 தருவார்கள். எண்களைப் பார்த்தால் கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் 14 பவுண்டு ஒரு ஸ்டோன். ஆக 28 என்பது இரண்டு ஸ்டோன், 42 மூன்று, 56 நாலு. எல்லாம் பழைய தராசுப் படிக்கல் கணக்கு. நம்மூர் மண்டிக்கடைப் படிக்கல்லில் வளையம் மாட்டி எறிகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கில்ட் கட்டாயம், இந்த ஊர் ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட முழங்கால் உயர உடை. வேட்டியை மடித்துக் கட்டி வளர்ந்தவனுக்கு அதில் கூச்சம் ஒன்றும் வரவில்லை. உள்ளே அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

முதல் குளிர்காலத்தில் நான் ஏன் டெட்லிஃப்ட் பித்துப் பிடித்து அலைந்தேன் என்றால், அதற்கு டொனால்ட் டின்னி காரணம். 1837-இல் பிறந்தவர், இந்தப் பக்கத்துக்காரர், அந்தக் காலத்தில் இந்தப் போட்டிகளின் பெரிய பெயர். அபர்டீனிலிருந்து டீ ஆற்றை ஒட்டி மேற்கே போனால் பொட்டார்க் பாலம் வரும். அங்கே இரும்பு வளையம் பதித்த இரண்டு கற்கள் இருக்கின்றன: ஒன்று 188 கிலோ, மற்றொன்று 144 கிலோவுக்குச் சற்று மேல். 1860-இல் டின்னி இரண்டையும் கைக்கொன்றாகப் பிடித்துப் பாலத்தின் குறுக்கே நடந்தார் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தக் கற்களைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கோயில் முன்னால் கிடந்த இளவட்டக்கல் ஞாபகம் வந்தது. அதைத் தூக்கித் தோள் வழியே பின்னால் போடுபவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்று தாத்தா சொல்வார். அவர் தூக்கினாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆக, வலுவென்றால் கனமாகத் தூக்குவது என்று எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பாடம் ஏறியிருந்தது.

டிசம்பரில் இங்கே மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். மைதானத்தில் எறிவதற்கு வெளிச்சம் கிடையாது. கராஜில் விளக்கைப் போட்டுக்கொண்டு தூக்கினேன், தூக்கினேன், தூக்கிக்கொண்டே இருந்தேன். இடையில் இரும்பு வேலையும் நடந்தது. எறியும் எடையைக் கடையில் வாங்கப் பணம் கேட்டது. குழாய் பிட்டர் ஒருவன் அதைக் காசு கொடுத்து வாங்கினால் மானம் போய்விடும்.

28 பவுண்டு என்பது 12.7 கிலோ. கைப்பிடி உட்பட மொத்த நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எடைக் கம்பியில் மாட்டும் ஐந்து கிலோ வட்டு, அதாவது பிளேட், இரண்டு, ஒன்றேகால் கிலோ பிளேட் ஒன்று, ஆக 11.25. மீதி ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக போல்ட், வாஷர், சங்கிலி, வளையம் எல்லாம் அடங்க வேண்டும். தலையில் வளையம் வைத்த 16 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று எடுத்தேன். பிளேட் ஓட்டை பெரியது, போல்ட் மெலிது என்பதால் உள்ளே ஓர் இரும்புக் குழாய்த் துண்டை நுழைத்து ஆட்டத்தை அடைத்தேன். இரண்டு பக்கமும் கனத்த வாஷர். அதிலிருந்து நாலே கண்ணி சங்கிலி, ஷேக்கிள், அப்புறம் 12 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து வெல்டிங் வைத்த வளையம். வெல்டைக் கிரைண்டரில் நன்றாகத் தேய்த்தெடுக்க வேண்டும். நான் முதல் தடவை அரைகுறையாக விட்டதில் நடுவிரல் தோல் உரிந்து வந்துவிட்டது. சமையலறைத் தராசில் ஏற்றி, வாஷரைக் கூட்டிக் குறைத்து 12.72-க்குக் கொண்டுவந்தேன். இருபது கிராம் கூடுதல். பயிற்சிக்கு இது போதும்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் உள்ள திடலில் பத்தாவது எறிதலோ என்னவோ. கையை விட்டதும் வளையமும் சங்கிலியும் போல்ட்டும் ஒரு பக்கம், பிளேட்டுகள் மூன்றும் வேறு பக்கம். ஒரு பிளேட் வேலிக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. சுழலும்போது ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் இழுபட்டு நட் கழன்றிருக்கிறது. வேலையில் ஒரு நட்டை இறுக்கினால் அதன் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுவோம். கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடமாக அடுத்தவன் நட்டுக்குக் கோடு போட்டவன், என் நட்டுக்குப் போடவில்லை. இப்போது நைலான் வளையம் உள்ள பூட்டு நட், இழையில் பிடிப்புப் பசை, மேலே மஞ்சள் கோடு. எறியப் போகும் முன் முதல் வேலை அந்தக் கோட்டைப் பார்ப்பது. நீங்கள் செய்வதாக இருந்தால் எனக்காக ஒரு கோடு கூடுதலாகவே போடுங்கள்.

மே மாதப் போட்டியில் 35 அடி 9 விழுந்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு 68 வயது, மாடு வளர்க்கும் விவசாயி, இளமையிலிருந்து எறிபவர். இந்த ஊர்க்காரர்கள் கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டார்கள். நானே போய்க் கேட்டேன்.

"பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்கிற மாதிரி எறிகிறாய்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, மகன் எடுத்திருந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இந்த எறிதலில் ஒன்பது அடி நீளத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, முன்னால் பதித்திருக்கும் மரக்கட்டைக்கு முட்டுக்கொடுத்து நின்று, எடையைக் கையிலிருந்து விட வேண்டும். இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். தோளும் கையும் அதன் பின்னால் இழுபட்டு வர வேண்டும். கை வெறும் கயிறு. அந்தப் பின்தங்கலில்தான் தூரமே இருக்கிறது. என் வீடியோவில் இடுப்பும் தோளும் ஒரே பலகையாகத் திரும்பின, கதவு திறப்பது போல. இரும்பு எனக்குப் பின்னால் வரவில்லை, கூடவே வந்தது. பின்னால் இருக்கிற ஒன்றைத்தானே இழுக்க முடியும்?

காரணம் எளிது. ஆறு மாதம் நான் முன்னும் பின்னும் மட்டும் அசைந்திருக்கிறேன். கனம் ஏற ஏற முதுகும் இடுப்பும் கெட்டித்துப்போயின. கூடவே இன்னொன்று: வயதாகும்போது வலுவைவிட வேகமாகக் குறைவது, அந்த வலுவைச் சட்டென்று வெளியே எடுக்கும் திறன். 190 கிலோவை மூன்று நொடியில் மெல்ல மெல்ல மேலே கொண்டுவரப் பழகியவனுக்கு, கடைசி உந்தல் அரை நொடிக்குள் முடிந்துவிடும் எறிதலில் அந்த 190 எந்தப் பக்கமும் உதவாது. வேகமாகக் குறைகிற சரக்கை விட்டுவிட்டு, மெதுவாகக் குறைகிற சரக்கைப் போய்க் கூட்டிக்கொண்டிருந்தேன்.

சரி என்று புத்தி வந்ததா என்றால் இல்லை. இன்னும் வேகமாகச் சுற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஜூலையில், மழை நின்ற ஈரப் புல்லில், சூடேற்றாமல், 42 பவுண்டை எடுத்து இரண்டாவது சுற்றுக்கு வலது காலால் உந்தினேன். யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. கெண்டைக்கால் தசை கிழிந்தவர்கள் எல்லோரும் இதையே சொல்வார்களாம்: திரும்பிப் பார்த்தேன் என்று. அந்த சீசன் அத்தோடு போயிற்று.

பிசியோதெரபி செய்த பெண்மணி ஒரு படிக்கட்டைக் காட்டி, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னார். மூன்று நொடி ஏற, மூன்று நொடி இறங்க. ஆரம்பத்தில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், பிறகு முதுகுப்பையில் எடை வைத்து. எட்டு முறை வீதம் நாலு சுற்று, வாரம் மூன்று நாள். ஆறாவது மாதம் முதுகுப்பையில் 20 கிலோ வைத்திருந்தேன். பார்ப்பதற்கு இதைவிட அலுப்பான பயிற்சி உலகத்தில் கிடையாது. தசை சில வாரத்தில் பலப்பட்டுவிடுகிறது. தசைநாண் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் வருகிறது, ஐம்பதுக்கு மேல் இன்னும் மெதுவாக. அது அதிகம் கேட்பது அவசரமில்லாத கனம். இதை இன்றுவரை நிறுத்தவில்லை. என்னிடம் வந்து ஒரே ஒரு பயிற்சி சொல் என்று யாராவது கேட்டால், எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டையும் டெட்லிஃப்ட்டையும் தாண்டி இதைத்தான் சொல்வேன்.

இடுப்புக்கு மருந்து வீட்டிலேயே கிடைத்தது. கால் கட்டோடு கிடந்த நாட்களில், ஒரு விசேஷத்துக்குத் தரையில் இலை போட்டார்கள். என்னால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. முழங்கால் இரண்டும் கோபுரம் மாதிரி மேலே நின்றன. "ஏங்க, எங்க அப்பாவுக்கு எழுபத்தி எட்டு, அவரு உக்காந்து எந்திரிக்காரு" என்றாள் மனைவி. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் நோட்டில் எழுதி வைத்தேன்: சம்மணம், 2 நிமிடம், வலது முழங்கால் தரையிலிருந்து ஒரு சாண்.

அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு தரையில். குத்த வைத்து உட்கார்ந்து காலை நாளிதழ் படிப்பது. முதல் வாரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. இணையத்தில் இடுப்பு இளக்கத்துக்கு நூறு பயிற்சி காட்டுகிறார்கள், இரண்டு காலையும் செங்கோணத்தில் மடக்கிப் பக்கவாட்டில் திருப்புவது உட்பட. அதையும் செய்தேன், நல்லதுதான். ஆனால் தினமும் மறக்காமல் நடந்தது சாப்பாடுதான், ஏனென்றால் பசி மறக்காது. பிப்ரவரி கணக்கு: சம்மணம் 25 நிமிடம், முழங்காலுக்கும் தரைக்கும் நாலு விரல்.

இரண்டாம் குளிர்காலத்தில் கராஜ் கணக்கை இப்படி மாற்றினேன். கரையில் இருக்கும் மூன்று வாரம் மட்டும்தான் கடினப் பயிற்சி. கடலுக்குப் போகும் இரண்டு வாரம் பாதிச் சுமை: மேடையில் இருக்கும் சின்ன ஜிம்மில் குதிகால், கெட்டில்பெல் என்னும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, நடை. முன்பு அந்த இரண்டு வாரத்தை நஷ்டமென்று நினைத்து அங்கேயும் போட்டு அடிப்பேன். இப்போது புரிகிறது, இருபது வயதுப் பையன் ஒரு ராத்திரித் தூக்கத்தில் சரிசெய்துகொள்வதை எனக்கு அந்த இரண்டு வாரம் செய்துகொடுக்கிறது. 12 மணி நேர ஷிப்டுக்கு நன்றி சொல்லும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கரை வாரங்களில் தூக்குவது இரண்டு நாள், எறிவது இரண்டு நாள். நேர் பார்பெல் டெட்லிஃப்ட்டை விட்டுவிட்டு, நடுவில் நின்று இரண்டு பக்கமும் பிடிக்கும் அறுகோணக் கம்பிக்கு மாறினேன். கீழ் முதுகுக்கு வேலை குறைவு. 130 முதல் 140 கிலோ, மூன்று முறை வீதம் ஐந்து சுற்று. விதி ஒன்றே: கம்பி மெதுவாகத் தொடங்கினால் அன்றைக்குக் கடை மூடல். அதோடு முன் ஸ்குவாட், முழங்காலை மடக்கிக் காலால் உந்தித் தோளிலிருந்து மேலே தள்ளும் புஷ் பிரஸ், 32 கிலோ கெட்டில்பெல் ஊஞ்சல். பிடிக்கு, இரண்டு கையிலும் எடை தூக்கிக்கொண்டு நடை. மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும் என்பதால், தொடங்கும் முன் டாக்டரிடம் போய்ப் பார்த்துக்கொண்டேன். என் வயதில் அதைத் தவிர்க்காதீர்கள்.

எறிவதற்கு இருட்டு ஒரு சாக்கல்ல என்பதும் தெரிந்தது. தலையில் மாட்டும் விளக்கு, திடலில் ஒரு வெள்ளைத் துணி. பாதி எறிதல்கள் கனம் குறைந்த 16 பவுண்டு எடையில், சுற்று வேகத்துக்காக. ஒரு நாளைக்கு 20-க்கு மேல் எறிவதில்லை. சூடேற்ற 25 நிமிடம். அந்த நாளில் நேரம் குறைவாக இருந்தால் எறிதலைக் குறைப்பேன், சூடேற்றுவதைக் குறைப்பதில்லை. சாப்பாட்டில் என் எடைக்கு நாளுக்கு 150 கிராம் புரதம் வேண்டியிருந்தது. பருப்பும் தயிரும் மட்டும் வைத்து அது எட்டவே இல்லை. முட்டையும் இந்த ஊர் ஹேடக் மீனும் சுண்டலும் சேர்ந்துதான் கணக்கு நேரானது.

கேபர் விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. மரத் தோட்டக்காரர் ஒருவரிடம் 15 அடி லார்ச் மரம் ஒன்று வாங்கினேன். போட்டியில் வைக்கும் பெரிய மரங்களோடு ஒப்பிட்டால் இது குட்டி. பட்டை உரித்ததும் கையெல்லாம் பிசின், இரண்டு நாள் போகவில்லை. அப்போது எடை 46 கிலோ. இதில் ஆபத்து எறிவதில் இல்லை, எடுப்பதில். மெலிந்த முனை கீழே இருக்க மரத்தை நட்டமாக நிறுத்தித் தருவார்கள். குத்த வைத்து, தோளில் சாய்த்து, கோத்த கைகளை அடியில் சரித்துக் கொண்டுபோய் ஒரே வெட்டில் தூக்க வேண்டும். அந்த நொடியில் முழங்கையை மடக்கி இழுத்தால் புஜத் தசைநாண் அறுந்து போகும். எங்கள் வயதுக்காரர்களிடம் இது அடிக்கடி நடக்கும் விபத்து. கை நீண்டபடி இருக்க வேண்டும், தூக்குவது கால்.

மரத்தை நிறுத்தித் தர வீட்டில் ஆள் கிடையாது. அதனால் ஆறடி வேலிக்கம்பம் ஒன்றின் அடிப்பக்கம் பிளேட்டுகளை போல்ட் போட்டு, சுவரில் சாய்த்து, எடுப்பதை மட்டும் பழகினேன். 25 கிலோவில் தொடங்கி 50 வரை. நட்டில் மஞ்சள் கோடு உண்டு. குத்த வைத்து நாளிதழ் படித்த பலன் இங்கேதான் முதலில் தெரிந்தது: அடியில் இறங்கிக் கை வைத்தபின் எழ அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டு எழ முடிந்தது.

இந்தக் கோடையில் அறுகோணக் கம்பியில் 180 கூட முயன்று பார்க்கவில்லை. 28 பவுண்டு, மே மாதம் 39 அடி 1. ஆகஸ்டில் 41 அடி 2 அங்குலம். 42 பவுண்டில் ஏற்றம் சொற்பம், அதில் இன்னும் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். சம்மட்டியில் காலை நகர்த்தாமல், பூட்ஸ் முனையில் பதித்த இரும்புத் தகட்டை மண்ணில் குத்தி நின்று சுழற்ற வேண்டும். என் தகடு இரண்டு முறை வளைந்துவிட்டது, வேறு கனத்தில் வெட்ட வேண்டும்.

ஆகஸ்டுப் போட்டியில் கேபர் புரண்டது. தூரத்துக்கு இங்கே மதிப்பில்லை. மரம் தலைகீழாகப் புரண்டு விழுந்தபின், நம் ஓட்டத் திசைக்கு நேராகக் கிடந்தால் கடிகாரத்தில் பன்னிரண்டு. எனக்குப் பதினொன்று. பெரியவர் பதினொன்றரை எறிந்தார். "பரவாயில்லை, இப்போது மரம் உன்னைவிட்டுப் பின்னால் வருகிறது" என்றார். கேட்காமலே சொன்னார்.

வீட்டு மரத்தை நேற்று நிறுத்துப் பார்த்தேன். காய்ந்து 36 கிலோவுக்கு இறங்கிவிட்டது. பத்து கிலோ தண்ணீர் இரண்டு கோடையில் போயிருக்கிறது. பெரியவரின் நிலத்தில் ஓர் ஓடை இருக்கிறது, குளிர்காலம் முழுக்க அதில் போட்டுவைக்கலாம் என்றார். டிரெய்லர் சனிக்கிழமை கிடைக்கும். திங்கட்கிழமை எனக்குக் கடல்.